முளைத்த பயறும் இளைக்காத நானும்

சிகிச்சையெல்லாம் முடிந்து நான் வீட்டோடு இருக்கத் தொடங்கிய நாட்களில், என்னைப் பார்க்க வந்தவர்களுக்கு முதலில் கிடைத்தது ஏமாற்றம்தான். மார்பிலே புற்றுநோய், ஒரு பக்கத்தை எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு வந்தவர்கள், எலும்பும் தோலுமாக ஒருத்தி கட்டிலில் கிடப்பாள், கையைப் பிடித்துக் கண்கலங்கிவிட்டு வரலாம் என்று நினைத்திருப்பார்கள். நானோ மொட்டைத் தலையும் உப்பிய கன்னமுமாக, அவித்து இறக்கிய கொழுக்கட்டை மாதிரிப் போய்க் கதவைத் திறந்தேன்.

"என்ன ரீச்சர், நல்லாய்த்தானே இருக்கிறியள்," என்றார் அடுத்த ஒழுங்கையிலிருந்து வந்த அம்மா ஒருவர். குரலில் சந்தோசம் இருந்தது. கொஞ்சம் மனக்குறையும் இருந்தது. கொண்டுவந்த சத்துமாப் பையைத் தருவதா, திருப்பிக் கொண்டுபோவதா என்று அவர் ஒரு கணம் யோசித்ததை நான் கண்டேன். கை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

அப்படி வாங்கி வாங்கித்தான் இந்த நிலைமைக்கு வந்திருந்தேன். மருந்து ஏற்றிய மாதங்களில் "உடம்பு தாங்கவேணும், சாப்பிடுங்கோ" என்று உரும்பிராயில் எனக்குத் தெரிந்த எல்லா அடுப்புகளிலிருந்தும் ஏதாவது வந்துகொண்டிருந்தது. எள்ளுருண்டை, பால் அப்பம், நல்லெண்ணெய் மிதக்கும் களி. வாந்தி வந்த நாட்களில் ஒன்றும் இறங்கவில்லை. வராத நாட்களில், வந்த நாட்களுக்கும் சேர்த்துச் சாப்பிட்டேன். போதாததற்கு, படுத்தே கிடந்தேன்.

கிளினிக்கில் டொக்டர் என் எடையைப் பார்த்துவிட்டு, உணவு ஆலோசனை சொல்கிறவரிடம் அனுப்பிவைத்தார். கதவைத் திறந்தால், உள்ளே இருந்தவள் என்னிடம் படித்த பிள்ளை.

நான் மனையியல் ஆசிரியை. சமநிலை உணவு, மாச்சத்து, புரதம், விற்றமின் என்று வாழ்க்கை முழுவதும் கரும்பலகையில் எழுதி அழித்தவள். அந்தப் பிள்ளை எழுந்து நின்று என்னை இருத்திவிட்டு, முதல் நாள் என்ன சாப்பிட்டேன் என்று கேட்டாள். சொன்னேன். பாதியில் அவளுடைய கண் கொஞ்சம் விரிந்தது.

"இதெல்லாம் ஒரு நாளிலையோ ரீச்சர்?"

"ஓம். பின்னேரத் தேத்தண்ணியோடை சாப்பிட்டது இன்னும் சொல்லேல்லை."

அவள் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "தட்டிலை பாதி மரக்கறி இருக்கவேணும், காற்பங்கு சோறு, காற்பங்கு பருப்போ மீனோ. நீங்கள்தான் ரீச்சர் எங்களுக்கு இதைப் படிப்பிச்சனீங்கள்." சீனியைக் குறைக்கச் சொன்னாள். பொரித்ததை விடச் சொன்னாள். பயறு முளைக்கவைத்துச் சாப்பிடச் சொன்னாள். எடை கூடாமல் பார்ப்பது இந்த நோய் வந்தவர்களுக்கு முக்கியம், ஒவ்வொரு நாளும் நடவுங்கோ என்றாள். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். பரீட்சைக்கு வினாத்தாள் தயாரித்தவளே பெயிலாகிப்போய் உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

வெளியில் நின்ற என் கணவர் இதையெல்லாம் கேட்டுவிட்டார். அவர் தோட்டக்காரர். வெங்காயத்துக்கு எப்போது இறைப்பது, எப்போது விடுவது என்று ஒரு நாளும் பிசகாதவர். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் எனக்கும் ஒரு பாத்தி கட்டிவிட்டார். சீனிப் போத்தல் காணாமல் போயிற்று. தேங்காய்ப்பால் விடுமுறையில் போயிற்று. அதுவரை அடுப்பு மூட்டியே அறியாத மனுசன் குரக்கன் மாவில் பிட்டு அவித்தார். அதில் ஒரு கட்டியை எடுத்து எறிந்தால் மாங்காய் விழும்.

"நல்லாயிருக்கே?" என்று கேட்டார்.

"பல்லும் மருந்திலை ஆடிக்கொண்டிருக்குது. பாத்துத்தான் சாப்பிடவேணும்," என்றேன்.

ஒருநாள் பனங்கட்டித் துண்டொன்றை வாய்க்குள் ஒதுக்கிக்கொண்டு தேநீர் குடிக்கையில் பிடிபட்டேன். பனங்கட்டி சீனியில்லை, அது பனையிலிருந்து வருகிற இயற்கை உணவு என்று மனையியல் ரீதியாக விளக்கினேன்.

"அப்ப சீனி என்ன, இரும்பிலை இருந்தே வருகுது? அதுவும் கரும்புதானே," என்றார். நான் வாயிலிருந்ததை அவசரமாகக் கடித்து விழுங்கினேன்.

சாப்பாட்டைவிடக் கைப்பயிற்சி பெரிய கூத்து. கக்கத்தில் கட்டிகளை எடுத்திருந்ததால் இடது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. சுவரோடு நின்று விரல்களைச் சுவரில் ஊர விட்டு, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூட உயர்த்த வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லித்தந்த பெண் சொல்லியிருந்தா. எங்கள் வீட்டுச் சுவரில் முருகன் படம் போட்ட கலண்டர் தொங்கியது. முதற்கிழமை என் விரல் மயிலின் வாலோடு நின்றுவிட்டது. வலியில் கண்ணீர் வந்தது. பக்கத்தில் ஒரு பல்லி நின்று பார்த்துவிட்டு, ஒரு மூச்சில் முகட்டுக்குப் போயிற்று. பல்லிமேல் பொறாமைப்படும் நிலை வாழ்க்கையில் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

கணவர் தோட்டத்தால் வந்து கால் கழுவும்போது கேட்பார்: "இண்டைக்கு எவடம்?"

"முழங்கால்."

"நேற்றும் முழங்கால்தானே சொன்னனீர்?"

"நேற்று முருகன்ரை இடக்கால். இண்டைக்கு வலக்கால்."

நடக்க வெளியில் போவதற்கு முதல் இன்னொரு வேலை இருந்தது. சட்டையின் இடப்பக்கம் வெறுமையாகக் கிடந்தது. பஞ்சு வைத்துப் பார்த்தேன். அதற்குப் பாரமில்லாததால் நடக்க நடக்க மேலே ஏறி, கழுத்தடிக்கு வந்து நின்றது. தையலும் நான் படிப்பித்த பாடம்தான். பருத்தித் துணியில் அளவாக ஒரு பை தைத்தேன். பாரத்துக்கு எதை நிரப்புவது என்று குசினியில் தேடினேன். கணவர் வாங்கிவைத்த பயறு இருந்தது. நிரப்பித் தைத்து வைத்துக் கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. இரண்டு பக்கமும் நேராக, மரியாதையாக இருந்தன.

மாரிகாலம் அது. வேர்த்த பையைப் பயறோடேயே துவைத்துவிட்டு, வெளியில் கொடியில் போட வெட்கப்பட்டு அலுமாரித் தட்டில் பரப்பினேன். மழை விடவில்லை. இரண்டு நாள் கழித்து எடுக்கப் போனபோது பை பருத்திருந்தது. துணியின் இழைகளுக்குள்ளால் வெள்ளை வெள்ளையாக வால்கள் எட்டிப் பார்த்தன.

நான் போட்ட சத்தத்தில் கணவர் ஓடி வந்தார். பையை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, விரலால் ஒரு முளையைத் தொட்டுப் பார்த்தார். முகத்தில் சிரிப்பே இல்லை.

"முளைதிறன் திறம். ஒண்டும் சொத்தை போகேல்லை. விதைக்கு வைச்சிருக்கலாம்," என்றார்.

அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு நான் முதன்முதலாக வயிறு நோகச் சிரித்தது அன்றுதான். சிரித்துக்கொண்டே அழுதேன். அவர் பையையும் பிடித்துக்கொண்டு, எதற்கு ஆறுதல் சொல்வது என்று தெரியாமல் நின்றார்.

மழை ஓய்ந்ததும் நடக்கத் தொடங்கினேன். கனடாவில் இருக்கும் என் தங்கச்சி நடக்கவென்று சப்பாத்து அனுப்பியிருந்தாள். கடும் ரோசா நிறம். கறுப்பு வண்ணமே கிடைக்கவில்லையா என்று கேட்டதற்கு, "இதுதானக்கா உசாராய் இருக்கும்," என்றாள். சேலையோடு அந்தச் சப்பாத்தையும் போட்டுக்கொண்டு, தலைக்கு ஒரு துணி கட்டிக்கொண்டு காலையில் ஒழுங்கைக்கு இறங்கினேன்.

எங்கள் ஊரில் ஒருவர் காரணமில்லாமல் நடக்க முடியாது. வீட்டுக்கு வீடு படலையடியில் மறித்தார்கள்.

"எங்கை ரீச்சர் போறியள்?"

"சும்மா நடக்கிறன்."

"சும்மாவோ? ஆரின்ரையும் செத்தவீடோ?"

இன்னொருவர் சைக்கிளை நிறுத்தி, "பஸ் விட்டிட்டியளோ? ஏறுங்கோ, சந்தியிலை இறக்கிவிடுறன்," என்றார். வேண்டாம் என்று சொல்லி முடிக்குமுன் கரியரைத் தட்டித் துடைத்துவிட்டார். அவர் மனம் நோகக் கூடாதென்று ஏறிப் போய்ச் சந்தியில் இறங்கினேன். அன்றைய உடற்பயிற்சியை அவர் செய்தார்.

ஆகவே, ஒரு கடைப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். பை இருந்தால் சாமான் வாங்கப் போகிறாள் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். விட்டார்கள்தான். ஆனால் ஊர்ச்சனத்துக்கு வெறும் பையைப் பார்த்துக்கொண்டிருக்க மனம் வராது. ஒரு வீட்டில் பீற்றூட் போட்டார்கள். ஒரு வீட்டில் முருங்கைக்காய் செருகினார்கள். கடைசி வீட்டில், "வருத்தக்காரருக்கு நல்லது ரீச்சர்," என்று ஒரு முழுப் பூசணிக்காயை உள்ளே இறக்கினார்கள். அறுவைச் சிகிச்சை செய்த பக்கக் கையால் பாரம் தூக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். வலது கை களைத்துப்போக, வீடு கிட்டத்தானே என்று இடது கைக்கு மாற்றினேன். மறுநாள் கை வீங்கிவிட்டது.

பயிற்சி சொல்லித்தந்த ஆஸ்பத்திரிப் பெண் கையை அமத்திப் பார்த்தா. "என்னத்தைத் தூக்கினியள்?"

"பூசணிக்காய்."

"உங்களை நடக்கத்தானே சொன்னது? ஆர் உங்களைச் சந்தைக்குப் போகச் சொன்னது?"

வீக்கம் வற்றக் கொஞ்ச நாள் எடுத்தது. பிறகு வெளியில் இறங்கவே மனம் வரவில்லை. அப்போதுதான் குருநகர் அக்கா தொலைபேசி எடுத்தா.

அவவை எனக்கு மருந்தேற்றும் இடத்தில் பழக்கம். பக்கத்துப் பக்கத்துக் கதிரை. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவ. புருசன் கடலுக்குப் போகிறவர். மருந்து ஏறும் நேரம் முழுவதும் செபமாலையை உருட்டிக்கொண்டிருப்பா. இடையிலே எனக்கும் சேர்த்து ஒரு மன்றாட்டு வைத்துவிட்டு, "உங்கடை பிள்ளையாரிட்டை என்னையும் ஒருக்காச் சொல்லிவிடுங்கோ ரீச்சர்," என்பா. அவவுக்கும் ஒரு பக்கம் எடுத்திருந்தது.

நடக்கப் பஞ்சியாக, அலுப்பாக இருக்கிறது என்று நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு ஒரு யோசனை சொன்னா. "நீங்கள் அங்கை நடவுங்கோ, நான் இஞ்சை கடற்கரையிலை நடக்கிறன். போனிலை கதைச்சுக்கொண்டு போவம். கதைச்சுக்கொண்டு போறவளை ஆரும் மறிக்கமாட்டினம்."

அது வேலை செய்தது. காதில் போனோடு போகிறவளை ஊரே மதித்து விலகியது. நான் தோட்ட வரம்புகளைத் தாண்டி, செம்மண் ஒழுங்கைகளால் சுற்றி வந்தேன். ஒரேயொரு பிரச்சினை: எனக்கு மூச்சு வாங்கும், அக்காவுக்கு வாங்காது.

"அக்கா... எவடத்திலை... நிக்கிறியள்?"

"இறங்குதுறையைத் தாண்டிட்டன் ரீச்சர். என்ன காத்து! நண்டு இண்டைக்கு நல்ல விலையாம்..." என்று ஒரு தடங்கலும் இல்லாமல் கதை போகும். சில நாள் மாதா பாட்டொன்றை முழுதாகப் பாடியும் காட்டினா. என்னைவிட மூத்தவ, அதே மருந்து, அதே வெட்டு. அவ பாட்டுப் பாடிக்கொண்டு நடக்கிறா, நான் இழுப்புக்காரி மாதிரி இரைக்கிறேன். ரோசம் வந்தது. கால்களை எட்டிப் போட்டேன். அவ இறங்குதுறை என்றால் நான் சந்திவரை போனேன். அவ கோயிலடி என்றால் நான் குளத்தடி. கணவர் வரம்பில் நின்று, "ஏன் இந்த ஓட்டம்? ஆரும் துரத்துகினமோ?" என்று கேட்டார். அவருக்கு என்ன தெரியும், நான் ஒரு போட்டியில் இருந்தேன்.

அப்படி இரண்டு மாதம் போனது. ஒருநாள் பஸ்ஸில் ரவுணுக்குப் போய் ஒரு வேலை முடித்தேன். இவ்வளவு தூரம் வந்தாயிற்று, அக்காவோடு ஒருநாள் நேரில் நடப்போம் என்று ரோசாச் சப்பாத்தோடு கடற்கரைக்குப் போனேன். கரையில் நின்றுகொண்டு போன் எடுத்தேன்.

"எங்கை அக்கா?"

"கடற்கரையிலைதான் ரீச்சர். நடக்கிறன்."

நான் இங்கும் அங்கும் பார்த்தேன். வலை சிக்கெடுக்கிற இரண்டு பேர், ஒரு நாய், கட்டியிருந்த வள்ளங்கள். அக்கா இல்லை.

"இறங்குதுறையடியோ?"

"ஓம், ஓம். இப்பதான் தாண்டுறன்."

நான் நின்றதே இறங்குதுறையடியில்தான். அவவைக் கதைக்க விட்டு, போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு, வலைக்காரரிடம் மெதுவாக வீட்டை விசாரித்துப் போனேன். கதவு திறந்து கிடந்தது. அக்கா உள்ளே கதிரையில், ஒரு காலை மடித்துப் போட்டுக்கொண்டு, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே செருகி, மடியில் சுளகு வைத்து நெத்தலி மீன் துப்புரவாக்கிக்கொண்டிருந்தா. என்னைக் கண்டதும், போனிலேயே "ரீச்சர்!" என்றா. எனக்கு இரண்டு காதிலும் கேட்டது.

இரண்டு மாதமாக நான் கதிரையில் இருக்கிற ஒருவரோடு போட்டி போட்டு ஓடியிருக்கிறேன். அதுவும் தோற்றிருக்கிறேன்.

கோபிக்கத்தான் வாயைத் திறந்தேன். அவவின் முகத்தைப் பார்த்ததும் கோபம் வரவில்லை. சுளகை இறக்கி வைத்துவிட்டு, சேலைத் தலைப்பை இழுத்து இடப்பக்கத்தை மூடிக்கொண்டா.

"நான் வாசல் தாண்டிப் போறேல்லை ரீச்சர். கிளினிக்குக்கு மட்டும் ஓட்டோவிலை போறன், வாறன். கோயிலுக்கும் போறேல்லை. ஆக்கள் முதல் முகத்தைப் பாக்கினம், பிறகு உவடத்தைப் பாக்கினம், பிறகு நிலத்தைப் பாக்கினம். என்னாலை ஏலாது."

"எனக்கேன் அக்கா நடக்கிறன் எண்டு சொன்னனீங்கள்?"

"நான் நடக்கேல்லை எண்டால் நீங்களும் விட்டிடுவியள் எண்டு பயந்தன். அதோடை..." சுளகை மறுபடி மடிக்கு எடுத்தா. "நீங்கள் அங்கை மூச்சு வாங்கி மூச்சு வாங்கிக் கதைக்கேக்கை, எனக்கும் வெளியிலை போன மாதிரி இருக்கும்."

கொஞ்ச நேரம் அவவோடு இருந்து நெத்தலித் தலை கிள்ளினேன். பிறகு, வேறு வழி தெரியாமல், என் பயறு முளைத்த கதையைச் சொன்னேன். கணவர் முளைதிறன் பார்த்த இடம் வந்தபோது அக்கா சிரிக்கத் தொடங்கினா. "மாதாவே, மாதாவே," என்று சுளகில் அடித்து அடித்துச் சிரித்தா. நெத்தலி நிலமெல்லாம் சிதறியது. "நல்ல காலம் பூசணி விதை போடேல்லை. கொடி ஓடியிருக்கும்!"

"இப்ப என்னத்தைப் போட்டிருக்கிறியள்?" என்று பிறகு மெதுவாகக் கேட்டா.

"கடுகு. முளைக்காமல் வறுத்துப் போட்டிருக்கிறன்."

அக்கா கிட்ட வந்து மணந்து பார்த்தா. "ஓம் ரீச்சர், தாளிச்ச மணம்தான்."

அடுத்த சனிக்கிழமை துணியும் ஊசியும் வறுத்த கடுகுமாகப் போனேன். என் தையல் அழகென்று பீற்றிக்கொண்டு தைத்த முதலாவது பை, மற்றப் பக்கத்தைவிட இரண்டு மடங்கு பெரிதாக வந்தது. "இதைப் போட்டால் மனுசன் கடலுக்குப் போகமாட்டார்," என்றா அக்கா. பிரித்துத் தைத்தேன். சட்டைக்குள் வைத்துக்கொண்டு அவ கண்ணாடிக்கு முன்னால் வெகுநேரம் நின்றா. முன்பக்கம், பக்கவாட்டு, மறுபடி முன்பக்கம். பிறகு செருப்பைத் தேடினா.

கடற்கரையில் நாங்கள் அன்று மிகக் கொஞ்சத் தூரம்தான் போனோம். என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தா. எதிரே வந்த ஒரு பெண், "எணேய், கனநாளாய்க் காணேல்லை!" என்று நின்று கதைத்தா. முகத்தைப் பார்த்துத்தான் கதைத்தா. அவ போனபிறகு அக்கா நின்று மூச்சு வாங்கினா. இரண்டு மாதத்தில் அவவுக்கு மூச்சு வாங்கியதை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோசமாகவும் இருந்தது என்று சொல்லாவிட்டால் நான் பொய்க்காரி.

அதன்பிறகு சனிக்கிழமைகளில் நான் பஸ் ஏறிக் குருநகருக்குப் போவது வழக்கமாயிற்று. மற்ற நாட்களில் போனில்தான். இப்போது இருவருக்கும் மூச்சு வாங்குவதால் கதை குறைந்துவிட்டது. மெலிந்தேனா என்று கேட்டால், பெரிதாக இல்லை. நடந்து முடிய அக்கா தருகிற நண்டுக்கறியும் கணக்கில் வருமல்லவா. சட்டையின் கை கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, படியேறும்போது தூணைப் பிடிப்பதில்லை. இடது கை கலண்டரில் வேலாயுதத்தையும் சேவலையும் தாண்டி முருகனின் முடியைத் தொட்டுவிட்டது. தொட்ட அன்று கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்துவிட்டு, "அப்ப இனிக் கலண்டரை உயத்திக் கொழுவட்டே?" என்றார்.

போன முறை கிளினிக்குக்கு இருவருக்கும் ஒரே நாள். அன்று பரிசோதனை முடிவு கேட்கும் நாள். வெளியே காத்திருக்கும் வாங்கில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தோம். அக்கா செபமாலையை உருட்டினா. நான் எல்லாத் தெய்வங்களிடமும் பொதுவாக ஒரு விண்ணப்பம் வைத்தேன். முதலில் அவவைக் கூப்பிட்டார்கள், பிறகு என்னை. இரண்டு பேருக்கும் இப்போதைக்கு ஒன்றுமில்லை, மருந்துக் குளிசையை விடாமல் போடுங்கோ, நடையையும் விடாதேங்கோ என்றார் டொக்டர். என் எடையைப் பார்த்து, "பரவாயில்லை," என்றார். அந்தச் சொல்லை நான் வீடுவரை கொண்டுபோனேன்.

வெளியில் வந்தபோது நல்ல வெயில். பஸ் நிலையம்வரை நடக்கலாம், அதுதான் ஒழுங்கு என்று நான் சொன்னேன். அக்கா வீதியைப் பார்த்தா, என் சப்பாத்தைப் பார்த்தா, முன்னால் இருந்த தேத்தண்ணிக் கடையைப் பார்த்தா. அங்கே சுடச்சுடக் கடலை வடை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"ரீச்சர், கடலை புரதம்தானே?" என்றா.

"ஓம்," என்றேன். "நான் படிப்பிச்சிருக்கிறன்."

ஆளுக்கு ஒன்றுதான் என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனோம். அவ இரண்டு சாப்பிட்டா, நான் மூன்று. அன்றைக்கு நாங்கள் நடக்கவில்லை. ஓட்டோவில்தான் போனோம்.